எந்தப் பெயருக்கு எந்த எண்? பழைய பதிவேட்டைக் கணினி படிக்கும் விதம்

ஸ்கேன் செய்த தாளில் கணினிக்கு எழுத்து எதுவும் தெரிவதில்லை. ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் ஸ்கேன் செய்தால், குறுக்கே 2,480, நெடுக்கே 3,508 என ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தைச் சொல்லும் எண்கள் இருக்கும். இவற்றில் எது எழுத்து, எது ஓதம் ஏறிய கறை, எது பின்பக்கத்திலிருந்து ஊறிவந்த மை என்று பிரிப்பது முதல் வேலை. பிரித்த எழுத்துகளை அடையாளம் கண்டு சொற்களாக்குவது இரண்டாவது வேலை. இந்த இரண்டையும் செய்யும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். ஓ.சி.ஆர். என்றால் இன்னும் பலருக்குப் புரியும்.

எழுத்துணரியின் கதை பழையது. எச்.பி. நிறுவனம் 1985 முதல் 1994 வரை உருவாக்கிய டெசராக்ட் 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பிறகு கூகிளின் ஆதரவில் வளர்ந்து தமிழையும் படிக்கக் கற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினரும் தமிழ் அச்செழுத்துக்கென்றே ஓர் எழுத்துணரியை உருவாக்கினார்கள். இன்று தெளிவாக அச்சான தமிழ்ப் பக்கத்தைப் படிப்பது கணினிக்குப் பெரிய சவால் இல்லை. கையெழுத்துதான் இன்னும் சிரமப்படுத்துகிறது.

எழுத்துகளைச் சரியாகப் படித்துவிட்டாலும் அதோடு ஆவணம் புரிந்துவிடுவதில்லை. எழுத்துணரி முடிவில் தருவது ஒரு சொற்குவியல். ஒவ்வொரு சொல்லோடும், பக்கத்தில் அது இருந்த இடத்தைக் குறிக்கும் நான்கு எண்கள் வரும். கதைப் புத்தகமாக இருந்தால் அதுவே போதும். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அடுக்கினால் படித்துவிடலாம். விண்ணப்பப் படிவம், ரசீது, பட்டா, சம்பளப் பதிவேடு போன்றவற்றில் அது நடக்காது. அங்கே ‘23’ என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. எந்தப் பெயருக்கு நேரே, எந்தத் தலைப்புக்குக் கீழே நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். இந்த உறவுகளைக் கணினி தானே கண்டுபிடிக்க, கடந்த சில ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் முறைகளில் ஒன்றுதான் கோட்டுரு வழி இயந்திரக் கற்றல்.

இந்தச் சிக்கலின் முழு உருவத்தையும் காட்ட, தேயிலைத் தோட்டத்துக் கூலிப் பேரேடான செக்ரோலைவிடப் பொருத்தமான ஆவணம் இருக்க முடியாது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில் இருக்கிறது ஏலப்பாறை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். 1860-களில் ஜே.டி. மன்றோ போன்ற ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பீர்மேட்டு மலைகளில் காப்பி பயிரிட்டார்கள். இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறின. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் நிறைந்த பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றன. அதனால் இந்த மலையின் காகிதங்களுக்கு மூன்று மொழி. தோட்டத்து ஆபிஸ் கணக்கு ஆங்கிலத்தில், அரசாங்கத் தாள் மலையாளத்தில், தொழிலாளியின் கையெழுத்தும் கடிதமும் தமிழில்.

செக்ரோல் என்பது வேலைநாளும் கூலியும் எழுதும் பேரேடு. அமைப்பு தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் பொதுவான உருவம் ஒன்றுதான். விரித்துவைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஒரு தாள். இடது ஓரத்தில் வரிசை எண், பெயர். அதை அடுத்து மாதத்தின் 31 நாளுக்கும் 31 ஒடுங்கிய கட்டங்கள். வந்த நாளுக்கு ஒரு குறி, அரைநாளுக்கு வேறு குறி, வராத நாளுக்கு இன்னொன்று. வலது ஓரத்தில் மொத்த நாள், கூலி, முன்பணப் பிடித்தம், கைக்கு வந்த தொகை. கடைசியில் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. ஒரு தாளில் 40 பெயர் என்று வைத்துக்கொண்டால், வரிசை எண்ணும் கையெழுத்தும் நீங்கலாக 1,440 கட்டங்கள் வரும்.

இதில் ஒரு குறி ஒரு வரி தள்ளிப் பதிவானால் என்ன ஆகும்? 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டத்தில் 240 என்றொரு எண் இருந்தது. இடையில் வேலை தடைபட்டவர்கள் ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டுச் சேவையாகக் கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி கணக்கு. 241 நாள் உழைத்த ஒருவருடைய இரண்டு குறிகள் அடுத்த வரிக்காரருக்குப் போனால் ஓராண்டுச் சேவை கணக்கிலிருந்து விழுந்துவிடும். எழுத்துப் பிழை எதுவும் நடந்திருக்காது. எல்லாக் குறிகளும் சரியாகவே படிக்கப்பட்டிருக்கும். இடம் மட்டும் மாறியிருக்கும். இத்தகைய பிழை கண்ணுக்குப் படாது என்பதுதான் அதன் ஆபத்து. ‘முத்தையா’ என்பது ‘முத்கையா’ என்று வந்தால் படிப்பவர் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். 241 என்பது 239 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

கூலியோடு நிற்கும் விஷயமும் இல்லை இது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்தது என்பதற்கான சான்று, பீர்மேடு, தேவிகுளம் தமிழர்களின் சாதிச் சான்றிதழ் விவகாரங்களில் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது. 2021 தேவிகுளம் சட்டமன்றத் தேர்தல் தொடர்பான வழக்கும் இதைச் சுற்றியே நடந்தது. வென்றவரின் தேர்தல் செல்லாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கின் சான்றுகளில் தேவாலயக் குடும்பப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் இருந்தன. பழைய பதிவேட்டின் ஒரு வரி, மூன்று தலைமுறை கழித்து நீதிமன்றக் கூண்டேறக்கூடும்.

ஆக, கணினியிடம் கேட்கப்படும் கேள்வி இது: தாளில் சிதறிக் கிடக்கும் 1,440 பெட்டிகளில் எவையெவை ஒரே வரியைச் சேர்ந்தவை, எவையெவை ஒரே பத்தியைச் சேர்ந்தவை? அளவுகோல் வைத்துப் பிரிக்கும் பழைய முறை, கோடுகள் நேராக இருக்கும்வரைதான் உதவும். தைத்த பேரேட்டை விரித்து ஸ்கேன் செய்தால் நடுமடிப்பில் தாள் வளைகிறது. இடது பக்கத்தில் பத்தாம் வரியாகப் புறப்பட்டது, மடிப்பைத் தாண்டியபின் ஒன்பதாம் வரியின் உயரத்துக்கு ஏறிவிடலாம். எழுதியவரின் கையும் சாயும். நீளமான பெயர் இரண்டு வரிகளை அடைத்துக்கொள்ளும். அச்சிட்ட கோடு மங்கிப்போயிருக்கும்.

இங்கேதான் கோட்டுரு உதவிக்கு வருகிறது. கணிதத்தில் கோட்டுரு என்பது கணுக்களும் அவற்றைச் சேர்க்கும் இணைப்புகளும் கொண்ட அமைப்பு. வேறொன்றும் அதில் இல்லை. ஏலப்பாறையை ஒரு கணு என்று கொண்டால், அங்கிருந்து குட்டிக்கானத்துக்கும் வாகமண்ணுக்கும் கட்டப்பனைக்கும் போகும் சாலைகள் இணைப்புகள். 1736-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை, ஒன்றையும் இருமுறை கடக்காமல் சுற்றிவர முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று ஆய்லர் விடை சொன்னதிலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. பாலத்தின் நீளமோ தெருவின் வளைவோ அவருக்குத் தேவைப்படவில்லை. எது எதோடு சேர்கிறது என்பது போதுமாயிருந்தது. ஆவணத்துக்கும் அது பொருந்தும். தாள் வளைந்தாலும் சாய்ந்தாலும் பக்கத்துப் பெட்டி பக்கத்துப் பெட்டியாகவே இருக்கிறது.

ஆவணத்தைக் கோட்டுருவாகப் பார்ப்பதும் புதிதல்ல. ஏ.டி. அண்டு டி. பெல் ஆய்வகத்தின் லாரன்ஸ் ஓகார்மன் 1993-இலேயே டாக்ஸ்ட்ரம் என்ற முறையை வெளியிட்டார். தாளிலுள்ள ஒவ்வொரு மைத்துண்டையும் அதற்கு மிக நெருங்கிய நான்கைந்து துண்டுகளோடு கோடிட்டுச் சேர்ப்பார். அந்தக் கோடுகளின் சாய்வையும் நீளத்தையும் எண்ணிப் பார்த்தால் தாள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடைவெளி, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி என்பது தானாகத் தெரியவரும். அழகான உத்தி. ஆனால் அதில் கற்றல் எதுவும் இல்லை. விதிகளை மனிதர் எழுதவேண்டும். பதிவேட்டின் வடிவம் மாறினால் விதியையும் மாற்றவேண்டும்.

எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே விதியைக் கற்றுக்கொள்ளும் கோட்டுரு நரம்பு வலைப்பின்னல் என்ற கருத்தை இத்தாலியில் மார்கோ கோரி, ஃபிராங்கோ ஸ்கார்செல்லி ஆகியோர் வளர்த்தார்கள். அதன் விரிவான வடிவம் 2009-இல் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாமில் தாமஸ் கிப்ஃப், மாக்ஸ் வெல்லிங் இருவரும் 2017-இல் அதை எளிமையாக்கிய பின்பே அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

வேலை நடக்கும் விதத்தை அந்தச் செக்ரோல் தாளிலேயே பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணுவாகிறது. ஒவ்வொரு கணுவிடமும் தன்னைப் பற்றிய ஓர் எண்பட்டியல் இருக்கும்: தாளில் எந்த இடம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், உள்ளே இருப்பது எழுத்தா எண்ணா, மை எவ்வளவு அடர்த்தி. அடுத்து இணைப்புகள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்தால் 1,440 கணுக்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வரும், கணினி திணறும். ஒவ்வொன்றையும் அருகிலுள்ள எட்டோடு மட்டும் இணைத்தால் அதிகபட்சம் 11,520. வேறு வழிகளும் உண்டு. நடுவில் எதுவும் மறைக்காமல் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொள்ளும் பெட்டிகளை மட்டும் இணைப்பது ஒன்று. இரண்டு பெட்டிகளுக்கு இடையே உள்ள வெளியில் மூன்றாவது பெட்டி எதுவும் இல்லாவிட்டால் மட்டும் இணைப்பது மற்றொன்று.

பிறகு நடப்பதே இந்த முறையின் உயிர். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணுக்களின் எண்பட்டியல்களை வாங்கி, எதற்கு எவ்வளவு மதிப்பு என்று எடைபோட்டு, தன் பட்டியலோடு கலந்து புதுப்பித்துக்கொள்கிறது. லயத்தில் ஒரு வீட்டுச் சேதி முதலில் பக்கத்து வீட்டுக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேருவதைப் போல, முதல் சுற்றில் அண்டைக் கணுவின் விவரமும் இரண்டாம் சுற்றில் அதற்கடுத்த கணுவின் விவரமும் வந்துசேரும். மூன்றாம் சுற்று முடிவில், தலைப்புக்கு அருகே ‘1’ என்ற குறியுள்ள ஒரு பெட்டிக்குத் தன்னைச் சுற்றியும் குறிகளே இருக்கின்றன, தலைப்பு மேலே இருக்கிறது, தான் நிற்பது நாள் கட்டத்தில்தான் என்பது தெரிந்திருக்கும். வலது ஓரத்து ‘23’ என்ற பெட்டிக்குத் தன் இடப்பக்கம் முழுக்கக் குறிகள், வலப்பக்கம் தொகைகள். ஆகவே தான் மொத்த நாள் என்று தெரிந்திருக்கும். எடை எவ்வளவு என்பதை மனிதர் சொல்வதில்லை. சரியான விடை குறிக்கப்பட்ட தாள்களைக் காட்டி, கணிப்பு தவறும்போதெல்லாம் எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்தி, கணினியே கண்டடைகிறது.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பேரேட்டில் அது பெரிதாகவே தெரியும். இடது ஓரத்துப் பெயர், வலது ஓரத்துத் தொகையை அறிய வேண்டுமானால் சேதி கட்டம் கட்டமாக முப்பத்தைந்து தாவல் தாவவேண்டும். அப்படியானால் முப்பத்தைந்து சுற்று ஓட்டினால் ஆகாதா? ஆகாது. சுற்றுகள் கூடக்கூட எல்லாக் கணுக்களின் பட்டியலும் ஒன்றோடொன்று கலந்து ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. எது யார் என்ற வேறுபாடு கரைந்துபோகிறது. சில சுற்றுகளுக்கு மேல் போனால் பயன் குறையும் என்பதை ஆய்வாளர்கள் 2018 வாக்கிலேயே கண்டுவிட்டார்கள்.

இதற்கு வந்த தீர்வுகளில் சுவையானது பாகிஸ்தானிலிருந்து வந்தது. இஸ்லாமாபாத்தின் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாருக் காசிம், ஹசன் மஹ்மூத், ஃபைசல் ஷாஃபாய்ட் ஆகியோர் 2019-இல் அட்டவணைகளைப் படிக்கும் கோட்டுரு முறை ஒன்றை வெளியிட்டார்கள். தாளில் எது எதற்கு அருகில் இருக்கிறது என்பதை அவர்கள் இறுதியாகக் கொள்ளவில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் கணுக்களை, கற்றுக்கொண்ட ஒரு புது வெளியில் மறுபடி இடம்பெயர்த்து, அங்கே யார் யாருக்கு அண்டை என்று புதிதாகக் கணக்கிடும் வலைகளைச் சோதித்தார்கள். தாளில் ஒரு முழம் தள்ளியிருக்கும் பெயரும் தொகையும் அந்த வெளியில் அடுத்தடுத்து வந்து நிற்கலாம். அவற்றில் ஒன்றான கிராவ்நெட் முதலில் ஆவணத்துக்காக உருவானதே அல்ல. துகள் இயற்பியல் கருவிகளில் சிதறும் ஆற்றல் புள்ளிகளைத் தொகுப்பதற்காகக் காசிமும் இயற்பியலாளர்களும் சேர்ந்து செய்தது. இயற்பியல் கூடத்தில் பிறந்த உத்தி சம்பளப் பட்டியலுக்கும் உதவும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் கேள்வியையும் மாற்றிக் கேட்டார்கள். இந்தக் கணு என்ன என்பதற்குப் பதிலாக, இந்த இரண்டு கணுக்களும் ஒரே வரியா, ஒரே பத்தியா, ஒரே கட்டமா என்று இணைஇணையாகக் கேட்டார்கள். விடை குறிக்கப்பட்ட அட்டவணைகள் போதாததால் செயற்கையாக 5 லட்சம் அட்டவணைகளைத் தயாரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதே ஆண்டில் பார்சிலோனாவில் பாவ் ரிபா குழுவினர் விலைப்பட்டியல்களில் அட்டவணை எங்கே இருக்கிறது என்பதைக் கோட்டுருவால் கண்டறிந்தார்கள். அலிபாபா ஆய்வாளர்கள் ரசீதுகளிலிருந்து விவரம் பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். இந்தத் துறை ஆவணங்களின் பக்கம் உறுதியாகத் திரும்பிய ஆண்டு என்று 2019-ஐச் சொல்லலாம்.

அட்டவணை இல்லாத பக்கத்திலும் இதற்கு வேலை உண்டு. தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகக் கூகிள் எழுத்துணரியைக் கொண்டு பழைய நூல்களை மின்னெழுத்தாக்கி வருகிறார்கள். இரண்டு பத்தியில் அச்சான பக்கம் வந்தால், இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் ஒன்றாய்க் கலந்துவிடும் தொல்லை எழுத்துணரியோடு பழகிய எல்லோருக்கும் தெரிந்ததே. கூகிளின் ரென்ஷென் வாங் குழுவினர், வரிகளைக் கணுக்களாக்கி எந்த வரி எந்தப் பத்தியோடு சேரும் என்று கோட்டுரு வலையிடம் கேட்டு இதற்குத் தீர்வு கண்டார்கள். அந்த வலை சொற்களின் பொருளைப் பார்ப்பதில்லை. பெட்டிகளின் இட அமைப்பை மட்டுமே பார்க்கிறது. ஆகவே மொழி எதுவானாலும் கவலையில்லை. மூன்று மொழிக் காகிதம் சேர்ந்திருக்கும் ஏலப்பாறை போன்ற ஊருக்கு இந்தப் பண்பு கவனிக்கத்தக்கது.

ஆனால் பயிற்சிக்கு வேண்டிய தாள்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் உற்சாகம் சற்றுக் குறையும். படிவம் படிக்கும் ஆய்வுகள் பலவும் தங்களை உரசிப் பார்க்கும் கல் ஃபன்ஸ்டி என்ற தொகுப்பு. 2019-இல் வெளியான அதில் இருப்பவை மொத்தம் 199 ஆங்கிலப் படிவங்கள். கேள்வி, விடை, தலைப்பு எனக் குறியிட்டு, எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் கையால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படிவங்கள் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் வழக்குகளில் சிக்கி வெளியிட நேர்ந்த உள்காகிதங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. படிவம் என்றால் என்ன என்பதை ஆய்வுக் கணினிகள் பலவும் சிகரெட் கம்பெனிக் கோப்புகளைப் பார்த்தே கற்றன. இதைப் பிற மொழிகளுக்கு விரித்து 2021-இல் வந்த எக்ஸ்ஃபண்ட் தொகுப்பில் ஏழு மொழிகள்: சீனம், ஜப்பானியம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், போர்த்துகீசியம். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, இந்திய மொழி ஒன்றுகூட இல்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய பணி ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் நடக்கிறது. ரவி கிரண் சர்வதேவபட்ல குழுவினர் 2019-இல் வெளியிட்ட இண்டிஸ்கேப்ஸ், ஓலைச்சுவடி உள்ளிட்ட பழைய இந்தியச் சுவடிகளில் வரி எது, துளை எது, ஓரக்குறிப்பு எது, சிதைவு எது என்று எல்லை குறித்த தொகுப்பு. அது பயன்படுத்தியது கோட்டுரு முறையை அல்ல, படத்தையே பகுதி பகுதியாக வெட்டிக் காணும் வேறு முறையை. அதே நிறுவனத்திலிருந்து தமிழும் மலையாளமும் அடங்கிய இந்தியக் கையெழுத்துச் சொல் தொகுப்பும் வந்திருக்கிறது. இலங்கையில் 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம், மலையக ஆவணங்களையும் சேர்த்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கிறது. சுவடிக்கும் சொல்லுக்கும் தொகுப்பு கிடைத்துவிட்டது. நூறாண்டுக் காலம் கூலியை எழுதிவைத்த கட்டம் போட்ட பேரேட்டுக்கு அப்படி ஒன்று தேவைப்படுகிறது.

முறையின் திறனைப் பற்றியும் மிகைப்படுத்தத் தேவையில்லை. ஃபன்ஸ்டி படிவங்களில் கேள்வியையும் விடையையும் சரியாக இணைப்பதற்கு 2019-இல் அதன் ஆசிரியர்கள் முயன்றபோது கிடைத்த மதிப்பெண் 100-க்கு 4. புளோரன்ஸ், பார்சிலோனா ஆய்வாளர்கள் 2022-இல் உருவாக்கிய டாக்-டு-கிராஃப் என்ற கோட்டுரு முறை அதை 53-க்கு உயர்த்தியது. மூன்று ஆண்டில் பெரிய பாய்ச்சல்தான். ஆனாலும் பாதிக்குச் சற்றே மேல். எது கேள்வி, எது விடை என்று பிரித்தறிவதில் அதே முறை 82 வாங்கியது. பெட்டியை அடையாளம் காண்பதைவிடப் பெட்டிகளின் உறவைக் காண்பது எவ்வளவு கடினம் என்பதை இந்த இரண்டு எண்களுமே சொல்லிவிடுகின்றன.

போட்டிக்கும் குறைவில்லை. மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட லேஅவுட்-எல்.எம்., அதற்குப் பின் வந்த அதன் வாரிசுகள் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பில் இயங்குபவை. உற்றுப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு கோட்டுருதான். எல்லாச் சொல்லும் எல்லாச் சொல்லோடும் இணைக்கப்பட்டு, எந்த இணைப்புக்கு எவ்வளவு கவனம் தருவது என்பது மட்டும் கற்றுக்கொள்ளப்படுகிறது. பல வேலைகளில் அவை கூடுதல் மதிப்பெண் வாங்குகின்றன. ஆனால் லேஅவுட்-எல்.எம்.மின் சிறிய வடிவத்திலேயே கற்கவேண்டிய எடைகள் 11 கோடிக்கு மேல். டாக்-டு-கிராஃபில் 62 லட்சம். பெரியவற்றைப் பயிற்றுவிக்க லட்சக்கணக்கான பக்கங்களும் விலையுயர்ந்த கணினிகளும் வேண்டும். சிறியதைச் சில நூறு பக்கங்களோடு ஒரு கல்லூரிக் கணினியில் பழக்கலாம். இப்போது படத்தைக் கொடுத்தால் அட்டவணையையே எழுதித்தரும் பெரிய மொழி மாதிரிகளும் வந்துவிட்டன. அவை சரளமானவை, அந்தச் சரளமே தொல்லையும் தரும். மங்கிய கட்டத்தில் என்ன இருந்திருக்கும் என்று யூகித்து எழுதிவிட்டு, யூகம் என்று சொல்லாமல் இருந்துவிடும். கோட்டுரு முறையில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி மதிப்பெண் இருப்பதால், எந்த இணைப்பில் சந்தேகம் என்று சுட்டிக்காட்டமுடியும். சம்பளப் பதிவேட்டுக்கு அதுவே முக்கியம்.

செக்ரோல் தனக்கென ஒரு சோதனையையும் சுமந்துகொண்டிருக்கிறது. வலது ஓரத்து மொத்த நாளை எழுதியவர் கணக்கப்பிள்ளை. இயந்திரம் ஒரு பெயருக்குச் சேர்த்துக்கொடுத்த 31 குறிகளைக் கூட்டினால் அந்த எண்ணே வரவேண்டும். அடியில் நாள்வாரி ஆள்கணக்கு எழுதியிருந்தால் பத்திவாரியாகவும் கூட்டிப் பார்க்கலாம். இரண்டு கூட்டலையும் சேர்த்துப் பார்த்தால் பிழையின் வகையே தெரிந்துவிடும். குறியைத் தவறாகப் படித்திருந்தால் வரிக்கூட்டல், பத்திக்கூட்டல் இரண்டும் உதைக்கும். குறி சரியாக இருந்து வரி மட்டும் மாறியிருந்தால், பத்திக்கூட்டல் அப்படியே இருக்க, இரண்டு பெயர்களின் வரிக்கூட்டல் மட்டும் மாறும். முதல் வகை எழுத்துணரியின் பிழை, இரண்டாம் வகை இணைப்பின் பிழை. கோட்டுரு வலை இரண்டு வழிகளுக்கிடையே தடுமாறும்போது எந்த வழி கூட்டலோடு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். இதற்கும் ஓட்டை உண்டு. அடுத்தடுத்த இரண்டு வரிக்காரர்கள் வெவ்வேறு நாள்களில், ஆனால் ஒரே எண்ணிக்கையில் வேலைக்கு வந்திருந்தால், அவர்களுடைய குறிகள் முழுவதும் இடம் மாறியதைக் கூட்டல் காட்டாது. கணக்கப்பிள்ளையே தப்பாகக் கூட்டியிருந்தாலோ இயந்திரம் அதைத் திருத்தக் கூடாது. பேரேட்டில் இருப்பதை இருப்பது போலப் பதிந்து, கூட்டல் ஒத்துவரவில்லை என்று குறிப்பு மட்டும் போடவேண்டும். பிற்காலத்தில் உரிமைக்கான சான்றாகப் போகும் காகிதத்தில் யார் செய்த பிழை என்பதும் ஒரு தகவல்.

ஒரு தாளை முடித்தபின் அடுத்த கட்டம் வருகிறது: தாளுக்குத் தாள், பேரேட்டுக்குப் பேரேடு இணைப்பது. ஒருவரே 1958 செக்ரோலிலும் 1974 வருங்கால வைப்புநிதிப் பட்டியலிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதியவர் ஒரு விதமாகவும் மலையாளத்தில் எழுதியவர் வேறு விதமாகவும் அந்தப் பெயரைப் பதிந்திருப்பார். ஒரே தோட்டத்தில் பத்து மாரியம்மாள்கள் இருப்பார்கள். இங்கும் கோட்டுருவே பயன்படுகிறது. இம்முறை கணு என்பது சொல் இருக்கும் பெட்டி அல்ல, ஒரு பதிவு. இணைப்பு என்பது இரண்டு பதிவும் ஒரே ஆளுடையதாக இருக்கலாம் என்ற கணிப்பு. பெயர் மட்டும் ஒத்தால் இணைப்பு பலவீனமானது. கணவர் பெயர், லயத்து எண், உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஆகியவையும் ஒத்துவந்தால் பலமானது. உறவுகளைச் சேர்த்துப் பார்க்கும் இந்த வசதியால், தனித்தனியாகப் பெயரை ஒப்பிடும் பழைய முறை குழம்பும் இடங்களிலும் கோட்டுரு முறை சில சமயம் தெளிவு தருகிறது.

இரண்டு பேரைத் தவறாக ஒன்றாக்கிவிட்டால் ஒருவரின் சேவைக்காலம் இன்னொருவருக்குப் போய்விடும் என்பதால், இந்தக் கட்டத்தில் இயந்திரத்தின் எல்லா முடிவையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இல்லை. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் வந்தவை தானாக இணைக்கப்படும். மிகக் குறைந்தவை விடப்படும். இடைப்பட்டவை பேரேட்டுப் பக்கத்தின் படத்தோடு சேர்த்து, அந்தத் தோட்டத்தையும் குடும்பங்களையும் அறிந்த ஒருவர் பார்க்கும்படி திரைக்கு வரும். அதற்காகவே ஒவ்வொரு பதிவோடும் அது வந்த பேரேட்டின் பெயர், பக்க எண், பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்த இடத்தின் நான்கு எண்கள், இணைப்பின் மதிப்பெண் ஆகியவை கடைசிவரை கூடவே வைக்கப்படுகின்றன.